மண்ணெண்ணெயும் மோட்டாரும்: மாற்றியமைத்த பழைய காரின் நோயறிதல்

மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் நோக்கித் தெற்கே செல்லும் பெருவழி, கல்முனையைக் கடந்த பின்னர் நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று ஊர்களை ஒரே சரமாகக் கோத்துச் செல்கின்றது. கிழக்கே கடல், மேற்கே நெல்வயல். இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் மக்கள் நெருங்கி வாழ்கின்றனர். இக்கரையில் இயந்திரம் ஒன்று இடைவழியில் நின்றுவிட்டால் அதனால் விளையும் இழப்பு பெரிது. பேறுகால வேதனையோடு கல்முனை வைத்தியசாலைக்குப் போகும் ஒருத்தி, சந்தைக்குப் போகும் மீன், அறுவடைக் காலத்து நெல் மூட்டை, இவையெல்லாம் இயந்திரத்தின் ஒரு தும்மலுக்காகக் காத்திருக்க இயலாதவை. ஆகவே, நின்ற இயந்திரம் ஏன் நின்றது என்று அறியும் கலை இங்கே ஒரு பொழுதுபோக்காக வளரவில்லை. பிழைப்பின் ஒரு பகுதியாகவே வளர்ந்தது. அந்தக் கலையின் வரலாற்றைப் பற்றி, சிறப்பாகக் காலத்தின் நெருக்கடியால் உருமாற்றப்பட்ட பழைய கார்களைப் பற்றி, இன்று சில செய்திகளைக் கூற விரும்புகின்றேன்.

1876 ஆம் ஆண்டில் ஜெர்மனியரான நிக்கொலாஸ் ஒட்டோ நான்கு வீச்சு இயந்திரத்தை வெற்றியாக இயக்கிக் காட்டினார். 1886 இல் கார்ல் பென்ஸ் தமது மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். அன்று முதல் இன்று வரை பெற்றோல் இயந்திரம் வேண்டுவன மூன்றே. காற்றும் எரிபொருளும் தக்க அளவிற் கலந்த கலவை ஒன்று. அக்கலவையை இறுக்கும் அமுக்கம் இரண்டு. உரிய கணத்தில் எழும் மின்பொறி மூன்று. இம்மூன்றும் இருந்தால் இயந்திரம் ஓடியே தீரும். ஓடவில்லையெனில் இவற்றுள் ஒன்று குறைந்திருக்க வேண்டும். நோயறியும் முறை முழுவதும் இந்த ஒரு வாய்பாட்டின் விரிவுதான்.

இலங்கையில் நெடுங்காலம் ஓடிய கார்களுட் பெரும்பாலானவை இங்கிலாந்தில் தோன்றியவை. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொரிஸ் மைனர் 1948 ஆம் ஆண்டு இலண்டன் மோட்டார்க் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. 1960 இன் இறுதியில் பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையை எட்டிய முதலாவது பிரித்தானியக் கார் என்ற பெயரையும் அது பெற்றது. ஒஸ்டின் ஏ 40, ஹில்மன், மொரிஸ் ஒக்ஸ்போர்ட் முதலியவையும் நம் வீதிகளுக்குப் பழக்கமானவை. இவ்வண்டிகள் பலவற்றில் அமைந்திருந்த எஸ்.யூ. கார்புரேற்றருக்குச் சுவையான பூர்வீகம் ஒன்று உண்டு. அதனை ஆக்கிய ஸ்கின்னர் சகோதரர் பாதணி வணிகக் குடும்பத்தில் வந்தவர்கள். அவர்களுடைய முதல் அமைப்பில் மூச்சுவாங்கும் துருத்தி தோலினாலேயே செய்யப்பட்டிருந்தது! கைக்கு எட்டிய பொருளைக் கொண்டு காரியம் முடிக்கும் குணம் அந்தக் கருவியின் பிறப்பிலேயே இருந்தது எனலாம்.

வானொலி கேட்கும் நேயர்களுக்கு இக்குணம் புதிதன்று. இந்நாட்டில் 1920களில் ஒலிபரப்பு தொடங்கியபோது, தந்தித் திணைக்களத்துப் பொறியியலாளரான எட்வர்ட் ஹார்ப்பரும் அவருடைய உதவியாளரும், கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிப் பாகங்களைக் கொண்டே பரப்பியை அமைத்தனர் என்று நமது ஒலிபரப்பு வரலாறு கூறுகின்றது.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி அருகியது. கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரையில் புதிய கார் என்பது சாதாரண மனிதனுக்குக் கனவாகவே இருந்தது. உதிரிப்பாகமும் எளிதிற் கிட்டவில்லை. ஆதலால் ஒரு வண்டியின் பாகம் இன்னொரு வண்டிக்குப் போயிற்று. இல்லாத பாகம் கடைசற் பட்டறையிற் கடையப்பட்டது. 1977 க்குப் பின்னர் ஜப்பானிய வாகனங்கள் பெருகியபோது, அவற்றின் இயந்திரங்கள் பழைய ஆங்கில உடல்களுக்குள் குடியேறின. பெற்றோல் இயந்திரத்தை அகற்றி டீசல் இயந்திரத்தை வைத்தவரும் உண்டு. இவ்வாறு கைத்திறன் முதிர்ந்ததன் பயனை 1990களில் உலகமே கண்டது. இங்கிலாந்தின் பாத் நகரத்து மொரிஸ் மைனர் நிலையத்தோடு இணைந்து, அக்காருக்கான தகட்டுப் பாகங்களை இலங்கையிலே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பும் தொழில் தொடங்கியது. பிறந்த வீடு மறந்துவிட்ட தொழிலைப் புகுந்த வீடு காத்து வைத்திருந்தது.

ஆயினும் மாற்றியமைத்தலின் மிகக் கடுமையான சோதனை வடக்கிலே நிகழ்ந்தது. 1990 இல் போர் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கும் வன்னிக்கும் பெற்றோல் செல்வது தடைப்பட்டது. கள்ளச் சந்தையிற் கிடைத்த சிறு துளியும் பொன்விலை பெற்றது. கிடைத்த எரிபொருள் பெரும்பாலும் மண்ணெண்ணெய் ஒன்றே. மக்கள் மோட்டார்ச் சைக்கிளையும் பழைய ஒஸ்டின், மொரிஸ் கார்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டத் தலைப்பட்டனர். சிறு போத்தலில் வைத்திருந்த பெற்றோலிற் சில துளிகளைக் கார்புரேற்றரில் விட்டு இயந்திரத்தை எழுப்புவர். அது சூடேறியதும் மண்ணெண்ணெயைக் குடிக்கத் தொடங்கும். புதிய கார்கள் முற்றங்களில் உறங்க, முதிய கார்கள் வீதியில் ஓடின.

இதன் காரணம் யாது? பெற்றோல் உறைநிலைக்கும் மிகக் கீழான குளிரிலேயே தீப்பற்றும் ஆவியைத் தருவது. மண்ணெண்ணெயோ ஏறத்தாழ 38 பாகை சதமளவுக்கு மேலே சூடேறினாலன்றித் தீப்பற்றத் தக்க ஆவியைத் தராது. குளிர்ந்த இயந்திரத்தில் அது துளியாகவே நிற்கும். சூடான இயந்திரத்திலேதான் ஆவியாகும். மேலும், மண்ணெண்ணெயின் ஒக்டேன் எண் மிகக் குறைவு. அமுக்கம் மிகுந்தால் பொறி எழுமுன்னரே, அல்லது பொறி எழுந்தபின் ஒழுங்கின்றி, வெடித்து இயந்திரத்தை உள்ளிருந்தே அடிக்கும். பழைய ஒஸ்டின் ஏ 40 போன்றவற்றின் அமுக்க விகிதம் ஏழு மடங்கைச் சற்றே மிஞ்சியது. ஆதலால் அவை தாங்கின. அமுக்கம் மிகுந்த புதிய இயந்திரங்களால் தாங்க முடியவில்லை. முதுமையே அங்கு தகுதியாயிற்று.

இது முற்றிலும் புதிய கண்டுபிடிப்பன்று. 1917 இல் வெளிவந்த போர்ட்சன் உழவு இயந்திரம் பெற்றோலில் எழும்பி மண்ணெண்ணெயில் உழுதது. பின்னர் வந்த பேர்கசன் உழவு இயந்திரங்களிலும் அவ்வகை ஒன்று இருந்தது. அவற்றை நிறுத்துமுன் உழவன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றிச் சிறிது நேரம் ஓடவிடுவான். அடுத்த நாட் காலை எழுப்புவதற்குக் கிண்ணத்திற் பெற்றோல் நிற்க வேண்டுமல்லவா? நம் கிழக்குக் கரையின் மீனவரும் இந்த வித்தையை அறிவர். படகின் பின்னே பூட்டும் வெளியிணைப்பு இயந்திரங்கள் பல, பெற்றோலில் எழும்பி மண்ணெண்ணெயில் ஓடுமாறே செய்யப்பட்டவை. வயலுக்கு நீர் இறைக்கும் சிறு இயந்திரங்களிலும் இம்முறை உண்டு. ஆனால், அவை அதற்கென்றே பிறந்தவை. வடக்கின் கார்கள் அதற்காகப் பிறந்தவை அல்ல. அவற்றை மனிதர் மாற்ற வேண்டியிருந்தது. மாற்றிய இடத்திலெல்லாம் ஒரு புதிய நோயும் பிறந்தது.

அந்நோய்களுட் சிலவற்றைப் பார்ப்போம். ஏற்றத்தில் இயந்திரம் 'டக் டக்' என்று அடிக்கின்றது. அதைத் தணிக்கப் பொறி எழும் கணத்தைச் சற்றுப் பின்தள்ளுவர். தலைப்பகுதிக்கு இரட்டைக் கஸ்கட் இட்டு அமுக்கத்தைக் குறைப்பர். அடி நிற்கும். ஆனால், பின்தள்ளிய பொறியினால் எரிதல் தாமதிக்கும், வெப்பத்தின் பெரும்பங்கு புகைவழிக்குப் போகும், வால்வு கருகும், தண்ணீர் கொதிக்கும். தண்ணீர் கொதிப்பதைக் கண்டு றேடியேற்றரைக் கழற்றிக் கழுவுபவன் ஒரு நாளை வீணாக்குவான். நோய் றேடியேற்றரில் இல்லை; டிஸ்றிபியூட்டரில் இருக்கின்றது.

இன்னொன்று இதனினும் வஞ்சகமானது. ஒயில் அளவுகோலை உருவிப் பார்க்கின்றான் சாரதி. ஊற்றிய அளவைவிட ஒயில் கூடியிருக்கின்றது! ஒயில் குறையவில்லை என்று மகிழ்கின்றான். உண்மையில் எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழே வடிந்து ஒயிலோடு கலந்திருக்கின்றது. நீர்த்த ஒயில் பெயரிங்கைக் காவாது. சில வாரங்களில் அடிப்பாகத்திற் கனத்த ஓசை எழும். அளவுகோலை முகர்ந்து பார்த்திருந்தாலே போதும். விரலிடையே தேய்த்துப் பார்த்திருந்தாலும் போதும். வெப்பநாடு என்று கருதித் தேர்மோஸ்டாற்றைக் கழற்றி எறிந்த வண்டியில் இந்நோய் விரைவில் வரும். இயந்திரம் எப்போதும் குளிர்ந்தே ஓடுவதால் மண்ணெண்ணெய் ஆவியாகாது.

2002 இல் போர்நிறுத்தம் வந்தது, பாதை திறந்தது, பெற்றோலும் வந்தது. அத்துடன் நோய்கள் தீர்ந்தனவோவெனில், இல்லை. மண்ணெண்ணெய்க்கென்று இரட்டைக் கஸ்கட் இட்டு, பொறியைப் பின்தள்ளி அமைத்த ஒரு காருக்கு நல்ல பெற்றோலை ஊற்றினால், அது வலுவிழந்து, சூடேறி, எரிபொருளை அளவின்றிக் குடிக்கும். முந்தின காலத்தின் மருந்து பிந்தின காலத்தின் நோயாகி நிற்கும். அதே 2002 இல் இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோலும் கைவிடப்பட்டது. காற்றுக்கும் குழந்தைகளின் மூளைக்கும் அது பெரும் நன்மை. ஆயினும், பழைய இயந்திரங்களின் புகைவால்வு இருக்கைகள் அந்த ஈயப் படிவையே மெத்தையாகக் கொண்டவை. மெத்தை போனதும், கடுமையாக ஓட்டப்படும் வண்டிகளில் இருக்கை சிறிது சிறிதாகத் தேயும், வால்வு உட்புகும், தட்டிடைவெளி மூடும், அமுக்கம் கசியும், காலையில் எழுப்புவது கடினமாகும். அந்த இருக்கையைக் கடைந்து உறுதியான உலோக வளையம் பொருத்துவதே நிலையான தீர்வு. சட்டம் ஒன்று மாறியதால் வந்த நோயைச் சட்டத்தின் வரலாறு அறியாதவன் எங்ஙனம் கண்டுபிடிப்பான்?

நேயர்களே, இவற்றிலிருந்து ஒரு முறை தோன்றுகின்றது. 'மருந்து' என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவனுக்கு வகுத்த ஒழுங்கு இயந்திரத்துக்கும் பொருந்தும்: நோயை அறிதல், அதன் மூலத்தை அறிதல், தணிக்கும் வழியை அறிதல், அதன் பின்னரே கைவைத்தல். நம்மவருட் பலர் கடைசிப் படியிலிருந்தே தொடங்குகின்றனர். கார் இருமினால் கார்புரேற்றரைக் கழற்றுகின்றனர். ஆனால், கார்புரேற்றர்க் கோளாறு என்று கொண்டுவரப்படுவனவற்றுட் பல, ஆராய்ந்து பார்க்குமிடத்து, மின்சாரக் கோளாறாகவே முடிவதைக் கராஜில் வேலை செய்யும் பாஸ்மார் நன்கறிவர்.

ஆகையால் முதலிற் கேள்வி, பின்னரே சாவி. கோளாறு குளிரில் வருகின்றதா, சூட்டில் வருகின்றதா? நின்று ஓடும்போதா, பாரம் இழுக்கும்போதா? மழை நாளிலா, எந்நாளிலுமா? நின்று ஓடும்போது நன்றாய் இருந்து, ஏற்றத்தில் மூச்சு வாங்கினால், எரிபொருள் வரத்துக் குறைவை ஐயுறலாம். மொரிஸ் மைனரில் மின்சாரப் பம்பின் ஓசையே ஒரு சாட்சி. இடைவிடாது வேகமாகத் துடித்தால் தாங்கியில் எரிபொருள் இல்லை, அல்லது உறிஞ்சும் குழாயிற் காற்றுப் புகுகின்றது. துடிக்காமலே இருந்தால் பம்பின் பொயின்ற் கருகியிருக்கலாம், அல்லது கிண்ணத்து ஊசி ஒட்டியிருக்கலாம்.

நான்கு சிலிண்டரில் ஒன்று வேலை செய்யவில்லையா? மின்காப்புள்ள பிடியால் பிளக் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சற்றே விலக்குக. எதனை விலக்கும்போது ஓட்டத்தில் மாற்றம் தோன்றவில்லையோ அதுவே சோம்பேறி. அதன் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே நிகழ்வது தெரியும். உலர்ந்த கரிப்புகை படிந்திருப்பின் எரிபொருள் மிகுதி, ஈரமாயிருப்பின் பொறியின்மை, வெண்மையாய் வெந்திருப்பின் எரிபொருட் குறைவு அல்லது மிகுவெப்பம், இளங்கபிலமாயிருப்பின் நலம். அமுக்கம் குறைந்திருந்தால் அந்தச் சிலிண்டரிற் சிறிது ஒயில் விட்டு மீண்டும் அளவிடுக. அமுக்கம் உயர்ந்தால் தேய்ந்தவை வளையங்கள். உயராவிட்டால் வால்வுகளைப் பார்க்க வேண்டும். எஸ்.யூ. கார்புரேற்றரின் பிஸ்டனை மில்லிமீற்றருக்கும் குறைவாக உயர்த்திப் பார்த்தாற் கலவை தன் நிலையைத் தானே சொல்லும். ஓட்டம் கூடி நிலைத்தால் எரிபொருள் மிகை. அடங்கி நின்றுவிட்டாற் குறை. கணப்பொழுது கூடித் தணிந்தாற் சரி.

சூடேறியதும் நின்றுவிடும் காரில் முதலில் மின்பொறி உண்டா என்று பார்க்க வேண்டும். பொறி இல்லையெனிற் கொயிலும் கொண்டன்சரும் ஐயத்துக்குரியன. பொறி இருக்க எரிபொருள் வரவில்லையெனில், குழாயில் அது ஆவியாகி அடைத்திருக்கலாம். ஈரத்துணியைக் குழாயின்மேற் சுற்றிச் சற்று நேரத்தில் இயந்திரம் எழும்பினால் நோய் அதுவே. இவற்றுள் எதற்கும் புதிய பாகம் வாங்க வேண்டியதில்லை; பொறுமையும் ஒழுங்கும் இருந்தாற் போதும்.

மாற்றியமைத்த காரில் மேலும் ஒரு கேள்வி உண்டு. அதுவே தலையாயது: இதில் எவை மாற்றப்பட்டன? எடுத்துக்காட்டாகப் பழைய பிரித்தானியக் கார்களிற் பெரும்பாலானவற்றில், 1960களின் பிற்பகுதி வரை, பற்றரியின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டது. பின்னாளில் டைனமோவை நீக்கி ஜப்பானிய அல்டர்னேற்றரைப் பூட்டியவர்கள் எதிர்முனையை உடலோடு இணைத்தார்கள். கொயிலின் இரு கம்பிகளையும் அப்போதே இடம் மாற்றியிருக்க வேண்டும். மாற்ற மறந்தால், பொறி தலைகீழாகப் பாயும். பிளக்கின் சூடான நடுமுனையிலிருந்து இலத்திரன்கள் புறப்படுவதே எளிது. தலைகீழாயின் கூடிய மின்னழுத்தம் வேண்டும். அக்கார் எழும்பும், சமநிலத்தில் ஓடும், பாரம் ஏறியதும் தடுமாறும். எத்தனை கார்புரேற்றர் மாற்றினாலும் அது தீராது. வேறொரு வண்டியின் தடைக்கம்பி வேண்டும் கொயிலை, அந்தத் தடையின்றிப் பொருத்தினால், பொயின்ற் மீண்டும் மீண்டும் கருகும். கருகிய பொயின்றை மாற்றுபவன் நோயின் நிழலுக்கே மருந்திடுகின்றான்.

பாலமுனை போன்ற கரையூர்களிற் கடலும் இதிற் பங்கெடுக்கின்றது. உப்புக்காற்று செப்பு முனைகளிற் பச்சைப் பாசிபோலப் படிந்து மின்னைத் தடுக்கின்றது. இயந்திரத்தையும் உடலையும் இணைக்கும் மண்கம்பி துருவேறினால் ஒன்றுக்கொன்று தொடர்பற்றனபோல் தோன்றும் பத்துக் கோளாறுகள் ஒரே நாளில் எழும். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. கடல்நீரில் மூழ்கிய வாகனத்தைக் கழுவி ஓட்டினாலும், இணைப்புகளுள் தங்கிய உப்பு ஈரத்தை இழுத்து, நெடுநாட் சென்ற பின்னும் தொல்லை தரும். அத்தகைய வண்டியின் நோயைக் கேட்குமிடத்து அதன் கடந்த காலத்தையும் கேட்டாக வேண்டும்.

இக்கலை பழங்கதையாகிவிடவில்லை. 2020 மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. 2022 இல் நாடு எரிபொருளின்றித் தவித்தது. யூன் மாத இறுதியில் ஒரு லீற்றர் 92 ஒக்டேன் பெற்றோல் 470 ரூபாவாயிற்று. பின்னர் கியூ.ஆர். குறியீட்டு முறையில் கார் ஒன்றுக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என்று பங்கிடப்பட்டது. அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவுக்கு உயர்ந்தபோது, அதையே நம்பியிருந்த கரையோர மீனவரின் படகுகள் கரையில் ஒதுங்கின. தனியார் கார் இறக்குமதிக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் இருந்த வண்டியையே காத்து ஓட்ட வேண்டியிருந்தது. தந்தையர் காலத்துக் கைவித்தை மைந்தர்க்கு மறுபடியும் தேவைப்பட்டது.

அந்த வித்தையைப் புகழும்போது அதன் விலையையும் மறத்தலாகாது. திறந்த போத்தலிற் பெற்றோலை வைத்துக்கொண்டு சூடான இயந்திரத்தருகே நிற்பது நெருப்போடு விளையாடுவதாகும். மண்ணெண்ணெய்ப் புகை சுவாசத்துக்குத் தீங்கானது. நெருக்கடி காலத்தில் வேறு வழியின்றிச் செய்ததைச் சாதாரண காலத்திற் சிக்கனமென்று கருதிச் செய்தல் அறிவுடைமை ஆகாது. அக்காலத்து மனிதரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளத் தக்கது அவர்களுடைய எரிபொருளன்று; காரணத்தைத் தேடிக் கண்டபின் கைவைக்கும் அவர்களுடைய ஒழுக்கமே.

அதற்கு ஒரு சிறு யோசனையுடன் இவ்வுரையை முடிக்கின்றேன். மாற்றியமைத்த காருக்குத் தயாரித்தவன் எழுதிய நூல் உதவாது; அந்த நூல் இன்னொரு காரைப் பற்றியது. ஆகவே, காரின் உடைமையாளர் ஒவ்வொருவரும் நாற்பது பக்கக் கொப்பி ஒன்றை வண்டியில் வைத்திருக்கலாம். எந்த நாளில் எந்தப் பாகம் மாற்றப்பட்டது, எந்த வண்டியிலிருந்து வந்தது, பொயின்ற் இடைவெளி எவ்வளவு, பொறியின் கணம் எங்கே நிறுத்தப்பட்டது, கஸ்கட் ஒன்றா இரண்டா என்று அதிற் குறித்து வைக்கட்டும். வண்டியை விற்கும்போது அக்கொப்பியையும் சேர்த்துக் கொடுக்கட்டும். முதிய பாஸ்மாரின் நினைவில் மட்டும் இருப்பவற்றை இளையோர் அருகிலிருந்து கேட்டு எழுதிக்கொள்ளட்டும். இரவு நேரத்தில் களியோடைப் பாலத்தருகே ஒரு கார் நின்றுவிட்டால், கைவிளக்கின் ஒளியில் அந்தக் கொப்பியைப் புரட்டும் மனிதன் பாதி வழியை அங்கேயே கடந்துவிடுவான்.